தாமிரபரணி கரையில் இருந்து மணப்பாடு கடல் வரை: சைக்கிளில் போக எந்த ரோடு நல்லது?

நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வாழைத்தோட்ட வேலைக்கும், உப்பளத்துக்கும், பீடிக்கடைக்கும் இன்றைக்கும் சைக்கிளை நம்பி போகிறவர்கள் ஏராளம். இன்னொரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கியர் சைக்கிளில் கும்பலாக கிளம்பும் இளைஞர்களும் பெருகி விட்டார்கள்.

இரண்டு தரப்புக்கும் பிரச்சினை ஒன்றுதான். பெரிய ரோடு எல்லாம் லாரிக்கும் பஸ்சுக்கும் காருக்கும் என்று ஆகி விட்டது. ஓரத்தில் சைக்கிள் மிதிப்பவர் உயிரை கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியது இருக்கிறது. ஆனால் தாமிரபரணி ஆற்றின் இரு கரையிலும், கடற்கரை பக்கமும் ஊருக்குள் நுழைந்து போகும் பழைய ரோடுகள் பல உண்டு. சில கி.மீ. கூடுதலாக மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். நிழல், தண்ணீர், டீக்கடை, பஞ்சர் கடை எல்லாம் வழியிலேயே கிடைக்கும்.

அந்த வழிகளின் விவரம் வருமாறு:-

ஆறும் அணைக்கட்டும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பிறப்பதும் கடலில் சேருவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பது இதன் சிறப்பு.

ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று 8 அணைக்கட்டுகள் இருக்கின்றன. இவற்றில் இருந்து பிரியும் கால்வாய்களை ஒட்டித்தான் வயலும் வாழையும் ஊரும் இருக்கிறது. ஊர்களை இணைக்கும் ரோடும் அதை ஒட்டியே போகிறது. சைக்கிள்காரர்களுக்கு இதனால் ஒரு வசதி. மலையடிவாரம் தாண்டி விட்டால் பெரிய ஏற்றம் என்பதே கிடையாது. கிழக்கே போகப்போக லேசான சரிவுதான்.

வழி 1: நெல்லை - அம்பை - பாபநாசம்

மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் என்று போகும் வழி இது. அம்பை வரை சுமார் 35 கி.மீ. அங்கிருந்து பாபநாசத்துக்கு இன்னும் 10 கி.மீ.க்கு மேல் வரும்.

பத்தமடை கோரைப்பாய்க்கு பெயர் போனது. கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். வழிநெடுக ஊர் இருப்பதால் சைக்கிள் நின்று போனாலும் கவலை இல்லை. ஆனால் பஸ் போக்குவரத்து அதிகம். காலை 8 மணிக்கு மேல் பள்ளி, கல்லூரி பஸ்கள் வரிசையாக வரும். அதற்கு முன்பே சேரன்மாதேவியை தாண்டி விடுவது நல்லது.

இதற்கு மாற்றாக ஆற்றின் வடகரையில் முக்கூடல் வழியாகவும் அம்பைக்கு போகலாம். பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பக பகுதி. வனத்துறை சோதனைச்சாவடியை அனுமதி இல்லாமல் தாண்ட முடியாது. ஏற்றமும் கடுமை. சாதா சைக்கிள் வைத்திருப்பவர்கள் பாபநாசத்தில் ஆற்றில் குளித்து விட்டு திரும்புவதே புத்திசாலித்தனம்.

வழி 2: நெல்லை - திருச்செந்தூர்

பாளையங்கோட்டை, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர், புதுக்குடி, ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர், திருச்செந்தூர். மொத்தம் 60 கி.மீ.க்குள் அடங்கும். சாதா சைக்கிளில் மணிக்கு 12 கி.மீ. என்று வைத்தால் கூட 5 மணி நேர மிதிதான். இடையில் உட்கார்ந்து எழுந்தால் 6 மணி நேரம் ஆகும்.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோவில் சிலைகளை பார்க்க வெளியூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மனிக்காரர் முதலில் தோண்டி பார்த்தார். பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டி, முதுமக்கள் தாழிகளையும் இரும்பு, வெண்கல பொருட்களையும் எடுத்தார். ரோட்டு ஓரத்திலேயே இருக்கும் பரம்பு அது. சைக்கிளை நிறுத்தி விட்டு பார்த்து போகலாம்.

இந்த ரோட்டில் ஒரு சிக்கல் உண்டு. தைப்பூசம், மாசி திருவிழா, ஆவணி திருவிழா, கந்தசஷ்டி நாட்களில் பாதயாத்திரை பக்தர்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். பஸ், வேன் நெரிசலும் தாங்காது. இரவில் நடப்பவர்களும், விளக்கு இல்லாத சைக்கிளும், வேகமாக வரும் வேனும் ஒரே ரோட்டில் என்றால் ஆபத்துதான். அந்த நாட்களில் சைக்கிள் பயணத்தை தள்ளிப்போடுவது நல்லது.

வழி 3: நவதிருப்பதி சுற்று

சைக்கிளுக்கு என்றே அமைந்த வழி என்று இதை சொல்லலாம். ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டை திருப்பதி பார்த்து விட்டு ஏரல் வர வேண்டும். ஏரலில் ஆற்றுப்பாலம் தாண்டி குரும்பூர். அங்கிருந்து மேற்கே திரும்பி தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி வழியாக மறுபடி ஸ்ரீவைகுண்டம். சுற்றி வந்தால் ஏறக்குறைய 40 கி.மீ. இரட்டை திருப்பதியில் இரண்டு கோவில் என்பதால் மொத்தம் 9 பெருமாள் கோவில்கள் கணக்கு சரியாகி விடும்.

பாதி வழிக்கு மேல் வாழைத்தோட்டமும் வயலும் குளமும்தான். கோவில்கள் மதியம் நடை சாத்தி விடுவார்கள். எனவே விடிகாலையில் தொடங்கினால்தான் மதியத்துக்குள் முடிக்க முடியும்.

நேரம் இருந்தால் கொற்கைக்கும் ஒரு நடை போகலாம். பாண்டியர் காலத்தில் முத்து வணிக துறைமுகமாக இருந்த ஊர். ஆறு கொண்டு வந்த மண் சேர்ந்து சேர்ந்து கடல் பல கி.மீ. பின்னால் போய் விட்டது. இப்போது சுற்றிலும் வயல்தான்.

வழி 4: தூத்துக்குடி - ஆத்தூர் - திருச்செந்தூர்

சுமார் 40 கி.மீ. முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம் வழியாக வரும். முக்காணிக்கும் ஆத்தூருக்கும் நடுவில் தாமிரபரணி பாலம்.

இங்கே நிழலை எதிர்பார்க்கக்கூடாது. இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் மேலே இருந்தும் அடிக்கும், உப்பில் பட்டு கீழே இருந்தும் கண்ணில் அடிக்கும். போதாததற்கு சரக்கு லாரிகள். லாரி ஒதுக்கும்போது தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்க வேண்டி வரும். உப்பளத்துக்கு அதிகாலை இருட்டில் போகும் தொழிலாளர்களுக்கு இந்த ரோட்டில்தான் ஆபத்து அதிகம்.

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து கிழக்கே பிரிந்தால் புன்னக்காயல். ஆறு கடலில் சேரும் இடம். 16-ம் நூற்றாண்டில் ஹென்றிக்கஸ் பாதிரியார் தங்கி தமிழ் நூல்கள் செய்த ஊர் இது. ரோடு கடலோடு முடிந்து விடும். போன வழியேதான் திரும்ப வேண்டும்.

வழி 5: திருச்செந்தூர் - குலசை - மணப்பாடு

திருச்செந்தூரில் இருந்து ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு சுமார் 18 கி.மீ. பெரியதாழை, உவரி வரை போகிறவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டும்.

மணப்பாட்டில் கடலை ஒட்டிய மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. 1581-ல் கட்டப்பட்டது. 1542-ல் இந்த கடற்கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகையும் அங்கே உண்டு. குலசை முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். அந்த நாட்களில் சைக்கிள் நுழைய முடியாது.

குலசை பக்கம் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந்தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. கல்லாமொழியில் அனல்மின் நிலையமும் உள்ளது. கனரக லாரிகள் வரும் என்பதை மனதில் வைத்து ஓரமாக போக வேண்டும்.

கடற்கரை ரோடு வேண்டாம் என்றால் உள்ளே மெஞ்ஞானபுரம், உடன்குடி வழி இருக்கிறது. பனங்காடும் செம்மண் தேரியும் பார்த்துக்கொண்டே போகலாம். உடன்குடி கருப்பட்டி வாங்கி வரலாம்.

நான்கு வழிச்சாலை வேண்டாம்

நெல்லை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலை சுமார் 50 கி.மீ. வல்லநாடு வழியாக நேராக போகும். பார்க்க வழவழ என்று இருக்கும். சைக்கிளுக்கு அதுதான் மோசமான ரோடு. வண்டிகள் வரும் வேகத்தில் சைக்கிளை பார்த்து பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. ஓரத்தில் லாரியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அதை சுற்றி உள்ளே வரும்போதுதான் விபத்து. மிச்சமாகும் அரை மணி நேரத்துக்காக இந்த ஆபத்தை தேடிப்போக வேண்டாம்.

காற்றும் மழையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு காற்று பலமாக வீசும். ஆடி மாதத்தில் பாபநாசத்தில் இருந்து நெல்லைக்கும், நெல்லையில் இருந்து திருச்செந்தூருக்கும் காற்று பின்னால் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் அறையும். 60 கி.மீ. போனவர் 20 கி.மீ. திரும்புவதற்குள் துவண்டு விடுவார்.

அதற்கு ஒரே வழி ரயில். நெல்லை - திருச்செந்தூர் பாதையில் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று நிலையங்கள் உண்டு. ஆனால் எல்லா நிலையத்திலும் எல்லா ரயிலிலும் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். பார்சல் பதிவு உண்டா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18-ந்தேதி மழையை இந்த பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தில் சிக்கினர். ஏரல் பால ரோடு அரித்துப்போய் போக்குவரத்து நின்றது. மழைக்காலத்தில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால் முழங்கால் அளவுதானே என்று இறங்கக்கூடாது. சைக்கிளோடு ஆளையும் இழுத்து விடும்.

கையில் இருக்க வேண்டியவை

* பின்பக்க மட்கார்டில் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர். செலவு மிகக்குறைவு. இருட்டில் லாரி டிரைவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். வெளிர் நிற சட்டை போடுவதும் நல்லது.

* முன்னால் ஒரு டார்ச் லைட். டைனமோ நிற்கும்போது எரியாது என்பதால் பேட்டரி லைட் மேல்.

* பஞ்சர் ஒட்டும் சாமான், கை பம்பு. கால்வாய் கரையிலும் தேரி பக்கமும் உடைமுள் டயரை துளைத்து விடும். மண் பாதையில் இறங்கி ஏறினால் உடனே டயரை பார்க்க வேண்டும்.

* குறைந்தது 2 லிட்டர் தண்ணீர். கடற்கரை ரோட்டில் கடை குறைவு. பதனீர் சீசனில் கவலை இல்லை.

* உப்பள காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். வீடு வந்ததும் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

* கேரியரில் வாழைத்தார் கட்டினால் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஹேண்டில் பாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் பஸ் உரசும்.

* அடிபட்டால் 108 ஆம்புலன்சை கூப்பிட வேண்டும். ஊர் பெயரோடு பக்கத்து மைல் கல்லில் இருக்கும் எண்ணையும் சொன்னால் சீக்கிரம் வந்து சேரும்.

புதிதாக நீண்ட தூரம் போக நினைப்பவர்கள் முதலில் பாளையங்கோட்டையில் இருந்து சீவலப்பேரி வரை போய் வரலாம். சிற்றாறு தாமிரபரணியில் சேரும் இடம் அது. அது சுலபமாக இருந்தால் அடுத்து நவதிருப்பதி சுற்று, அதன் பிறகு திருச்செந்தூர் என்று தூரத்தை கூட்டிக்கொண்டே போகலாம். எந்த வழியாக இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்து விட வேண்டும்.