ஆலோசனை அறைக்கு முன்னும் பின்னும்

மலாயாவின் தமிழ்ப் பள்ளிகள் தோன்றி வளர்ந்த வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் அறிக்கைகளையும் வரிசைப்படுத்துவர். அப்பள்ளிகளில் பயின்ற குழந்தைகளின் மனத்தை யார் கவனித்தனர், அவர்தம் பெற்றோர் பள்ளி வாயிலுக்கு எவ்வளவு அருகில் வந்து நின்றனர் என்பன ஏடுகளில் அரிதாகவே காணப்படுகின்றன. பள்ளியைத் திறந்துவைத்த துரையின் பெயர் கிடைக்கும். அழுதுகொண்டு வந்த பிள்ளையைத் தேற்றியவரின் பெயர் கிடைப்பதில்லை.

7 முதல் 14 வயது வரையிலான ஓரினப் பிள்ளைகள் 10 பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு நிருவாகத்தைப் பணிக்க 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழி வகுத்தது. பள்ளி எனினும், பல தோட்டங்களில் அது லயத்தின் ஓர் அறையாகவோ கோயிலை ஒட்டிய கொட்டகையாகவோ இருந்தது. கங்காணியோ, கிராணியோ, எழுத்தறிந்த தொழிலாளி ஒருவரோ ஆசிரியராக அமர்ந்தார். பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிடுவர். கைக்குழந்தை ஆயக்கொட்டகைக்குப் போகும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டோடு நின்றுவிடுவாள். சற்று வளர்ந்த பையன் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் தாயின் பின்னே போவான். பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி ஆசிரியர் லயத்திற்கு நடந்தார். இன்று இல்லச் சந்திப்பு எனப்படுவது அன்று பெயரின்றியே நடந்தது.

அந்த ஆசிரியருக்கு மற்றொரு பணியும் இருந்தது. ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதித் தருவதும், துரைக்கு மனு எழுதுவதும் அவரே. ஆகவே எந்த வீட்டில் கடன், எந்த வீட்டில் கள், எந்த வீட்டில் தாய் நோயுற்றுக் கிடக்கிறாள் என்பதெல்லாம் அவர் அறிந்திருந்தார். வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறவாதிருந்தால் அதன் காரணம் முன்னதாகவே அவருக்குத் தெரிந்திருக்கும். பயிற்சி பெற்ற ஆலோசகர் பல அமர்வுகளுக்குப் பின் பெறும் செய்தியை அவர் ஒரு தபாலுறையில் பெற்றார் எனலாம்.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமாகக் கொள்ளுதல் தகாது. “ஐயா, கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று கூறிப் பிள்ளையை ஒப்படைத்த தந்தையரும் அக்காலத்தவரே. அச்சொல்லில் ஆசிரியர்பால் மதிப்பு இருந்தது. பிள்ளை வளர்ப்பில் தமக்கு இனி வேலையில்லை என்னும் விலகலும் இருந்தது. அறிந்த ஆசிரியர் அந்த உரிமையைப் பிரம்பின்றிப் பயன்படுத்தினார். அறியாதவர் சொன்னபடியே செய்தார்.

நாடு விடுதலையடைந்த 1957இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அடுத்த பத்தாண்டுகளில் தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை இடம்பெயர்த்தது. 1969க்குப் பின் வேலை உரிமம் பெறாத குடியுரிமையற்றோர் பலர் தமிழகம் திரும்பினர். பெற்றோரில் ஒருவர் போக ஒருவர் நின்ற வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் எவ்வாறு அமர்ந்திருந்தனர் என்பதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தலைமையாசிரியர்களும் உண்டு. தமிழ்ப் பள்ளியை முடித்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, மலாய்மொழி இடைநிலைக் கல்விக்குச் செல்ல வேண்டியிருந்தது. தோட்ட எல்லையைத் தாண்டியறியாத தாய்க்கு அந்தப் பேருந்துப் பயணமே அச்சம் தருவது. அவளைத் தேற்றி அனுமதி பெறுவதும் ஆசிரியர் பணியாயிற்று. இதற்கிடையே, கோ. சாரங்கபாணியார் நடத்திய தமிழ் முரசில் 1950களில் மலர்ந்த மாணவர் மணிமன்றம் எழுத்தார்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு மேடை தந்தது. தன் பெயரை அச்சில் கண்ட தோட்டத்துச் சிறுவன் அடைந்த ஊக்கம் எந்த ஆலோசனை அறையிலும் எளிதில் கிட்டாதது.

முறையான வழிகாட்டல் பணி 1960களில் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவிலிருந்து 1963இல் வல்லுநர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். ஒவ்வொரு பள்ளியிலும் வழிகாட்டி ஆசிரியர் ஒருவரை அமர்த்துமாறு 1964இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. நடைமுறையிலோ இடைநிலைப்பள்ளி மாணவரின் பாடத் தேர்வும் தொழில் தேர்வுமே முதலிடம் பெற்றன. 1983இல் போதைப்பொருள் நாட்டின் முதன்மைப் பகையென அறிவிக்கப்பட்டபின், அதன் தடுப்புப் பணியும் வழிகாட்டி ஆசிரியர் தோளில் ஏறியது. ஏழு வயதுப் பிள்ளையின் அச்சமும் ஏக்கமும் அப்பட்டியலில் பின்தங்கியே நின்றன. தொடக்கப்பள்ளியைப் பொறுத்தவரை, 1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய கலைத்திட்டமே சிறிது மாற்றம் கொணர்ந்தது. குறைநீக்கல், வளப்படுத்தல் என்னும் இரண்டும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே நோக்குமாறு ஆசிரியரைப் பணித்தன.

இடைநிலைப்பள்ளிகளுக்கு 1996இல் முழுநேர ஆலோசக ஆசிரியர் கிடைத்தனர். தொடக்கப்பள்ளிகள் அதன் பின்னரும் காத்திருந்தன. 1998இல் ஆலோசகர் சட்டம் இத்தொழிலுக்குப் பதிவும் உரிமமும் வகுத்தது. அதே ஆண்டின் ஒழுங்குவிதிகள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்குச் சட்டநிலை தந்தன. ஆனால் பல சங்கங்களின் பேச்சு நெடுங்காலம் கட்டடத்திலும் தேர்விலுமே சுழன்றது. ‘எத்தனை ஏ?’ என்று கேட்ட பெற்றோரில் ‘ஏன் அவன் இரவில் தூங்குவதில்லை?’ என்று கேட்டவர் மிகச் சிலரே. ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டபோது சில கூட்டங்களில் பேசுவதற்கே பொருளின்றிப் போயிற்று.

பிள்ளையின் படத்தை வைத்துப் பேசுவது, விளையாட விட்டுக் கவனிப்பது, கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது ஆகியன தொடக்கப்பள்ளி ஆலோசகரின் கருவிகள். கட்டொழுங்கு ஆசிரியர் பணியோடு இப்பணியைக் குழப்புவோர் ஆசிரியரிடையிலும் உளர். குற்றம் செய்தவனை ‘அந்த அறைக்குப் போ’ என்று விரட்டினால், துயருற்றவன் அந்த அறையை நாடமாட்டான். பெற்றோர் நிலையும் அத்தகையதே. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் தாய், பள்ளியின் அழைப்பைக் கண்டதும், மகன் யாரையோ அடித்துவிட்டான் என்றே எண்ணுகிறாள். புகார் ஏதுமில்லை, அவனைப் பற்றி அவளிடமிருந்து அறியவே அழைத்தோம் என்று விளங்கவைப்பதற்குள் முதற் சந்திப்பு முடிந்துவிடுகிறது. பள்ளிகள் மூடப்பட்ட 2020, 2021ஆம் ஆண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. பிள்ளை படிப்பதைப் பெற்றோர் பல மணி நேரம் பக்கத்திலிருந்து பார்த்தனர். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளின் நிலையை ஆசிரியரும் அறிந்தனர்.

இன்று 520க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, 150 மாணவருக்கும் குறைவான சிறு பள்ளிகள். முழுநேர ஆலோசகர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுவதால், தோட்டம் கலைந்து வறுமை நிலைத்த இடங்களிலுள்ள அப்பள்ளிகளுக்கு அது எட்டுவதில்லை. தலையை எண்ணும் கணக்கு, தலைக்குள் இருப்பதை எண்ணவில்லை. அங்கே வகுப்பும் நடத்தி, விளையாட்டையும் கவனிக்கும் ஓர் ஆசிரியையிடமே வழிகாட்டல் பொறுப்பும் தரப்படுகிறது. ஆலோசனை அறை என ஒன்றில்லை. மாலையில் மகளை ஏற்றிச்செல்ல வரும் தந்தை மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தை நிறுத்தாமலே பள்ளி வாயிலில் நிற்கிறார். ஆசிரியை அருகில் சென்று, சிறுமி இரண்டு நாளாகச் சாப்பிடாததைச் சொல்கிறார். அவர் இயந்திரத்தை நிறுத்துகிறார்.