அறியாமலே அரசுக்குக் கடன் கொடுத்தோர்

திறைசேரி உண்டியல், திறைசேரி முறி ஆகிய சொற்கள் எமது பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கத்தில் வாரந்தோறும் அச்சாகின்றன. புதன்கிழமை ஏலத்தின் முடிவைச் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போவதே செய்தியறை வழக்கம். எம்மவரிற் பெரும்பாலானோர் நகை, காணி, வங்கி வைப்பு ஆகியவற்றையே சேமிப்பாகக் கருதுபவர்கள். அரசுக்குக் கடன் கொடுப்பது பெருஞ்செல்வர்களின் வேலை என எண்ணுபவர்கள். ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டிய ஒவ்வொருவரும் அரசுக்குக் கடன் கொடுத்தவரே என்பதை 2023ஆம் ஆண்டு உணர்த்தியது.

இந்தக் கடனின் சட்ட அடித்தளம் குடியேற்ற ஆட்சிக் காலத்தது. திறைசேரி உண்டியல்களுக்கான கட்டளைச் சட்டம் 1923இலும், நீண்டகாலக் கடன்களுக்கான பதிவுசெய்யப்பட்ட பங்குகள், பிணையங்கள் கட்டளைச் சட்டம் 1937இலும் வந்தன. சுதந்திரத்தின் பின்னரும் பல தசாப்தங்களாக ரூபாய்க் கடன்களின் வட்டியை அரசே தீர்மானித்தது; சேமலாப நிதியும் தேசிய சேமிப்பு வங்கியுமே அவற்றைப் பெருமளவில் வாங்கின. ஏலத்தில் விலை தீர்மானிக்கப்படும் திறைசேரி முறிகள் 1997இலேயே அறிமுகமாயின.

உண்டியலின் ஆயுள் 91, 182 அல்லது 364 நாட்கள். அதற்குத் தனியாக வட்டி இல்லை. வட்டி வீதம் 10 எனில், ஏறக்குறைய 91 ரூபாய் கொடுத்து ஓராண்டின் பின் 100 ரூபாய் பெறுகிறோம். முறிக்கு ஆறு மாதத்துக்கொரு முறை வட்டி கிடைக்கும். தனிநபர் ஏலத்தில் நேரே கலந்துகொள்ள முடியாது. முதனிலை வணிகர் ஊடாகவே வாங்கவேண்டும். சந்தை வட்டி ஏறினால் கையிலுள்ள முறியின் விலை இறங்கும். முதிர்வு வரை காத்திருப்பவருக்கு அது பாதிப்பல்ல. இடையில் விற்பவருக்கோ நட்டம்.

முழுத்தொகையும் திரும்பக் கிடைத்தாலும் இழப்பு ஏற்படலாம் என்பதற்குப் பிரித்தானியாவின் யுத்தக் கடன் தக்க சான்று. முதலாம் உலகப் போரின்போது, 1917இல், நாட்டுப்பற்றின் பெயரால் 5 வீத வட்டியில் அது திரட்டப்பட்டது. 1932இல் நிதியமைச்சர் நெவில் சேம்பர்லேன் வட்டியை 3.5 வீதமாகக் குறைத்து மாற்றீடு செய்தார். பணவீக்கம் மிகுந்த 1974இல் 100 பவுண் பத்திரம் 25 பவுணுக்கும் கீழே விற்கப்பட்டது. 2015 மார்ச்சில் எஞ்சிய கடன் முழுவதையும் அரசு அடைத்தது. ஆயினும், அந்த 100 பவுணுக்கு 1917இல் இருந்த பெறுமதி எங்கே?

அதே பாடத்தை நாம் ஓராண்டிலேயே கற்றோம். 2021 நடுப்பகுதியில் 364 நாள் உண்டியலுக்கு ஏறக்குறைய 5 வீதமே கிடைத்தது. 2022 ஜூலையில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 60.8 வீதம். ஒரு இலட்சம் இட்டவர் ஒரு இலட்சத்து ஐயாயிரம் பெற்றார். அதன் கொள்வனவுச் சக்தியோ முந்திய ஆண்டின் 65 ஆயிரத்துக்கே சமம். மாறாக, 2022 இறுதியில் துணிந்து வாங்கியோர் 29 வீதமளவில் வட்டி பெற்றனர். 2023 டிசம்பரில் பணவீக்கம் 4 வீதமாகத் தணிந்திருந்தது.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு இடைநிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடனிலும் கைவைக்கப்பட்டது. 2023 ஜூலை 1இல் நாடாளுமன்றம் அதற்கு அங்கீகாரம் அளித்தது. தனிநபர் தம் பெயரில் வைத்திருந்த முறிகள் தீண்டப்படவில்லை. வங்கிகளின் முறிகளும், அவை ஏற்கனவே நெருக்கடியில் இருப்பதாகக் கூறி, விலக்கப்பட்டன. சேமலாப நிதிகளோ பழைய முறிகளைக் கையளித்து, 2025 வரை 12 வீதமும் பின்னர் 9 வீதமும் தரும் புதிய முறிகளை ஏற்கவேண்டியதாயிற்று. மறுத்தால் 14 வீத வரி 30 ஆகும் என்பதே நிபந்தனை. இதனைத் தெரிவு என்று எப்படிச் சொல்வது?

தானாக முன்வந்து கடன் கொடுத்தவர் தப்பினார். கேட்கப்படாமலே சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்பட்ட தொழிலாளி சுமந்தார். தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைப்பவர் இவருள் அடங்குவர். பொருளியல் நியாயங்கள் எவையாயினும், இது நீதியான பங்கீடு அல்ல என்பதே எனது கருத்து.

நிறுவனங்கள் வெளியிடும் தொகுதிக்கடன்கள் அரச முறியை விடக் கூடுதல் வட்டி தருவது, அவற்றின் ஆபத்து அதிகம் என்பதாலேயே. அரசு வரி விதிக்கலாம், பணம் அச்சிடலாம். நிறுவனத்துக்கு அந்த வழிகள் இல்லை. அதன் கடனுக்குப் பிணை உண்டா, நிறுவனம் வீழ்ந்தால் எமது உரிமை எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்பனவற்றை வெளியீட்டு ஆவணத்தில் படித்தறிதல் வேண்டும்.

வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்பது எமது வழக்கம். கடன் வாங்குபவர் யார், எத்தனை ஆண்டுக்கு, அந்தப் பணம் திரும்பும் நாளில் அரிசியும் மருந்தும் என்ன விலை விற்கும் என்பவையும் கேட்கப்படவேண்டியவை. சேமலாப நிதியின் உறுப்பினர்கள் அக்கேள்விகளைத் தமது நிதியை நிர்வகிப்போரிடம் கேட்பதற்கு முழு உரித்துடையவர்கள்.