நிம்மலகுண்டா தோல் விளக்குகள்

நிம்மலகுண்டா தோல் விளக்குகள், ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, துளையிட்டு, வண்ணம் தீட்டிச் செய்யப்படும் விளக்குக் கூடுகள். ஆந்திரத்தின் ஸ்ரீ சத்திய சாய் மாவட்டத்தில், தர்மாவரம் பக்கத்து நிம்மலகுண்டா கிராமத்தில், வழிவழியாகத் தோல்பொம்மை செய்துவரும் குடும்பங்கள் இவற்றைச் செய்கின்றன. 

வரலாறு

இந்த விளக்குகளின் தாய் தோலுபொம்மலாட்டம் என்னும் நிழற்பாவைக் கூத்து. 13ஆம் நூற்றாண்டில் பால்குரிகி சோமநாதர் எழுதிய ‘பண்டிதாராத்ய சரித்திர’த்திலேயே தோல்பொம்மை ஆட்டம் பற்றிய குறிப்பு உண்டு. லேபாட்சி வீரபத்திரர் கோயிலின் 16ஆம் நூற்றாண்டு விதான ஓவியங்களில் உள்ள பக்கவாட்டு முகமும் அகன்ற கண்ணும் இந்தப் பாவைகளிலும் காணப்படுகின்றன. தமிழகத்துத் தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களைப் போலவே இந்தப் பாவையாட்டக் குடும்பங்களுக்கும் வீட்டுமொழி மராத்தி. ஆடுவது ராமாயணமும் மகாபாரதமும். வெள்ளைத் திரைக்குப் பின்னால் எண்ணெய் விளக்கேற்றி, ஆளுயரப் பாவைகளை விடிய விடிய ஆட்டினார்கள்.

செய்முறை

தோலை ஊறவைத்து, முடி நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் ஒளி ஊடுருவும் பதம் வருகிறது. அதன்மேல் உருவத்தைக் கோடிட்டு, சிற்றுளியால் தட்டித் துளையிடுகிறார்கள். மாலை, கிரீடம், ஒட்டியாணம் எல்லாமே துளைகளின் வரிசைதான். விளக்கை ஏற்றினால் அந்தத் துளைகள் வழியே வெளிச்சம் புறப்பட்டு, நகையாகவே மின்னுகிறது. முன்பு இலை, பட்டைகளிலிருந்து எடுத்த சாயங்களைப் பூசினார்கள். இப்போது கடைச்சாயமே பெரிதும் பயன்படுகிறது. தீட்டிய தோலை இரும்புக்கம்பிச் சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்ததும் விளக்குக் கூடு தயார்.

இன்றைய நிலை

சினிமாவும் தொலைக்காட்சியும் வந்தபின் இரவுக் கூத்துக்கு அழைப்பு குறைந்தது. பாவையாட்டக் குடும்பங்கள் விளக்குக் கூடு, சுவர்ப்படம், கதவுத் தோரணம் என விற்பனைப் பொருள்களுக்குத் திரும்பின. 2008-09இல் ஆந்திரத் தோல்பாவைக் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நிம்மலகுண்டாவின் மூத்த கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 

விளக்கு வியாபாரம் உளியையும் தூரிகையையும் காப்பாற்றியிருக்கிறது, கூத்தைக் காப்பாற்றவில்லை. பாட்டும் வசனமும் பாவையை ஆட்டும் விரல்நுட்பமும் மேடையில்தான் கைமாறும். ராவணனுக்கு ஏன் அந்த நிறம், அனுமனுக்கு ஏன் அந்த நிலை என்பதை ஆடிப் பழகிய கைதான் அறியும். ஆட்டம் நின்றுபோனால் அடுத்த தலைமுறைக்கு விளக்கில் தீட்டும் உருவம் வெறும் அச்சாகிவிடும். ஆகவே விளக்கு வாங்குவதோடு இவர்களை ஆடவும் அழைத்தால்தான் இந்தக் கலை முழுமையாகப் பிழைக்கும்.