அரசியின் வயலும் புதுக்கோட்டையும்: ஒரு கோழிநோயின் பெயர் வரலாறு

ஐந்தாறு முட்டைக்கோழிகளை முதன்முதலாக வாங்கிக் கொல்லையில் விடும் குடும்பம் கூடு, தீவனம், கீரிப்பிள்ளை ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறது. ஆனால் இந்தியாவில் இத்தகைய சிறு மந்தைகளை ஒரே வாரத்தில் வெறுமையாக்கிவிடும் பகை கண்ணுக்குத் தெரியாதது. அதன் பெயருக்குள் ஒரு மலையூர் ஒளிந்திருக்கிறது.

குமாவூன் மலையில் உள்ள ராணிகேத் ஆங்கிலேயர் படைமுகாமாக வளர்ந்த ஊர். ராணி, கேத் என்னும் இரு சொற்களும் சேர்ந்து 'அரசியின் வயல்' என்று பொருள்தரும். 1920களின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்துக் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதே குமாவூனின் முக்தேசுவரத்தில் 1893 முதல் இயங்கிவந்த ஏகாதிபத்திய நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் எட்வர்ட்ஸ் அந்நோயை ஆராய்ந்தார். ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில், 1926இல், சாவகத் தீவில் கிரானவெல்டும் இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுகப் பகுதியில் டாயிலும் இத்தகைய கொள்ளைநோயைக் கண்டனர். டாயில் இட்ட 'நியூகாசில் நோய்' என்பதே உலகப் பெயராக நிலைத்தது. அவ்வூர்ப் பெயரைத் தமிழாக்கினால் 'புதுக்கோட்டை' எனலாம். ஒரே நோய்க்கு இங்கே அரசியின் வயல், அங்கே புதுக்கோட்டை.

டாயில் அப்பெயரைத் தற்காலிகமாகவே இட்டார். நோய்க்குறியைக் கொண்டு பெயரிட்டால் வேறு நோய்களோடு குழப்பம் நேரும் என்பது அவருடைய கவலை. அக்கவலையின் பொருளைத் தமிழ் வழக்கே விளக்குகிறது. தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பெயர் வெள்ளைக்கழிச்சல். வெண்மையும் பச்சையுமாகக் கழிதல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இறக்கை செயலிழத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் குஞ்சுகளைத் தாக்கும் புல்லோரம் என்னும் பாக்டீரியா நோயிலும் வெள்ளையாகவே கழியும். அதனையும் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்வதுண்டு. முன்னது வைரசால் வருவது. எந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அதனைக் குணப்படுத்தாது. பெயர் ஒன்றென்று கருதி மருந்தும் ஒன்றென்று நம்பியவர் பணத்தையும் கோழிகளையும் ஒருசேர இழப்பார்.

குணப்படுத்த இயலாத நோய்க்குத் தடுப்பே வழி. 1940களில் முக்தேசுவரத்திலேயே ஹாடோவும் இத்னானியும் வைரசைக் கோழிமுட்டைக் கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பூசி உருவாக்கினர். இன்றும் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் வீரியம் மிகக் குறைந்த வகை கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக இடப்படுகிறது. ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் முக்தேசுவர வகை இறக்கையின் தோலடியில் செலுத்தப்படுகிறது.

அறிவியல் விடை கண்டபின்னும் கொல்லைக் கோழிகள் மடிவது ஏன்? மருந்துக் குப்பி யாரை எண்ணி அளக்கப்பட்டது என்பதில் விடை இருக்கிறது. ஒரு குப்பி பொதுவாக 100 கோழிகளுக்கோ அதற்கும் மேலோ போதுமானது. குளிரிலேயே பாதுகாக்க வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைக்கு இது இடையூறன்று. ஐந்து கோழி வைத்திருக்கும் பெண்ணுக்கோ, ஐந்து சொட்டுப் போக எஞ்சியதெல்லாம் வீண். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள 85.18 கோடிக் கோழியினப் பறவைகளுள் 31.7 கோடி கொல்லைப்புற வளர்ப்பைச் சேர்ந்தவை. மூன்றில் ஒரு பங்கினும் மிகுந்த பறவைகள் வேறொருவரின் அளவுக்கு வார்த்த குப்பியை நம்பியிருக்கின்றன.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. ஆஸ்திரேலியாவில் வெப்பம் தாங்கும் தடுப்பூசி வகைகள் சிற்றூர்க் கோழிகளுக்கென்றே உருவாக்கப்பட்டன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம்போல் கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. எனினும் எளிய வழி ஒன்று எப்போதும் உண்டு: தெருவிலுள்ள பத்து இருபது வீட்டார் ஒரே நாள் குறித்து, ஒரே குப்பியைப் பகிர்ந்துகொள்வது. தனி வீட்டின் ஐந்து கோழிகள் தெருவின் நூறு கோழிகளாகும்போது குப்பியின் அளவும் பொருந்திவிடுகிறது. அண்டை வீட்டுக் கோழிகள் காக்கப்படாதவரை ஒரு வீட்டுக் கோழிகளுக்கு நோய் நெருங்கும் வாய்ப்பும் குறைவதில்லை.

மனித நோய்களுக்கு ஊர்ப்பெயர் இடுவதைத் தவிர்க்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. கோழிநோய்க்கு அவ்விதி எட்டவில்லை. ராணிகேத்தை ஒருபோதும் காணாதவர்களும் அவ்வூரின் பெயரைக் கோழிச்சாவின் பெயராகவே அறிவர். பெயரை மாற்றுவது மொழியின் கையில் இல்லாமல் போகலாம். அப்பெயரைக் கேட்டதும் எழும் அச்சத்தை மாற்றுவது உரிய நாளில் இடப்படும் ஒரு சொட்டின் கையில் இருக்கிறது.