வரிப் பாக்கியில் பிழைத்த காடு: நியூயார்க் குடிநீரின் முன்வரலாறு

நியூயார்க் நகரம் தன் தண்ணீரில் பெரும்பகுதியை வடிகட்டாமலே குடிக்கிறது. கேட்ஸ்கில் மலைகளிலும் டெலவேர் ஆற்றின் தலைப்பகுதியிலும் உள்ள சுமார் 1,600 சதுர மைல் நீர்ப்பிடிப்புப் பகுதியே இதற்குக் காரணம் என்பது தெரிந்த செய்தி. இந்தக் காப்பு எப்போது, எதற்காகத் தொடங்கியது என்பதில்தான் எனக்கு வழக்கு.

இன்று வழங்கும் கதைக்கு மூலம் கிராசியெலா சிசில்னிஸ்கியும் ஜெஃப்ரி ஹீலும் 1998இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரை. தண்ணீரின் தரம் கெட்டது. வடிகட்டும் நிலையம் கட்ட 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று தெரிந்தது. நகரமோ அதற்குப் பதிலாக 100 முதல் 150 கோடி டாலரை இயற்கையிலேயே முதலிட்டுப் பெருந்தொகையை மிச்சப்படுத்தியது. இதுதான் அவர்கள் வாசிப்பின் சாரம். பொருளியல் பாடநூல்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. எளிதில் மனத்தில் தங்கும் கணக்கு. அதன் செல்வாக்குக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மார்க் சாகாஃப் 2002இல் இதை மறுத்தார். தண்ணீர் கெடவில்லை, மாறியது சட்டம் என்பது அவர் வாதம். அது சரியே. 1986இன் சட்டத் திருத்தமும் அதையொட்டி 1989இல் வந்த விதியும் மேற்பரப்பு நீரை வடிகட்டியாக வேண்டும் என்றன. விலக்கு வேண்டுவோர் நீர்ப்பிடிப்பைக் காத்துக் காட்ட வேண்டும். அந்த விலக்குக்காக நகரம் செய்துகொண்ட 1997 ஜனவரி ஒப்பந்தப்படி செலவான பணத்தையும் பார்க்க வேண்டும். நிலம் வாங்க 25 முதல் 30 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். அதுவும் விற்க மனமுள்ளவரிடம் மட்டும். மீதியில் பெரும்பங்கு கழிவுநீர் நிலையங்களுக்கும் செப்டிக் தொட்டிகளுக்கும் பண்ணைகளின் சாண மேலாண்மைக்கும் போயிற்று. சிதைந்த காட்டை மீட்டது என்று இதைச் சொல்ல முடியாது. காடு ஏற்கெனவே அங்கே நின்றது.

சாகாஃபின் விவாதம் 1990களின் கணக்கைப் பற்றியது. காடு ஏன் நின்றது என்பது வேறு கேள்வி. ஒப்பந்தத்தின்போது அந்த நீர்ப்பிடிப்பில் நகரத்துக்குச் சொந்தமான நிலம் நூற்றுக்கு நான்குகூட இல்லை. மாநிலத்திடமோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கின் வரலாறு 1885இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஜனவரியில் சார்லஸ் ஸ்பிரேக் சார்ஜென்ட் தலைமையிலான குழு மாநிலக் காடுகளைப் பற்றி அறிக்கை தந்தது. அடிராண்டாக் காடு ஹட்சன் ஆற்றுக்கும் கால்வாய்களுக்கும் உயிர்நாடி என்றது. கேட்ஸ்கில்லைப் பற்றி அது சொன்னது ஆய்வாளர்கள் அதிகம் நின்று படிக்காத இடம்: அங்குள்ள காடுகள் காக்கும் ஓடைகள் எவற்றுக்கும் தம் வட்டாரத்தைத் தாண்டிய முக்கியத்துவம் இல்லையாம். சுமார் முப்பது ஆண்டுகளில் நியூயார்க்கின் தொண்டையை நனைக்கப் போகும் எசோபஸ் ஓடையும் அந்தத் தீர்ப்பில் அடக்கம். நாட்டின் தலைசிறந்த மரவியலாளர், நீரை முன்னிறுத்தியே, இம்மலைகளை ஒதுக்கினார்.

ஆனாலும் காப்புக்காட்டை நிறுவிய அதே ஆண்டு மே மாதச் சட்டத்தில் கேட்ஸ்கில் மாவட்டங்கள் மூன்று இடம்பெற்றன. காரணம் அல்ஸ்டர் மாவட்டத்தின் வரிச் சிக்கல். தோல் பதனிடுவோர் ஹெம்லாக் மரங்களின் பட்டையை உரித்துக்கொண்டு (நம்மூர் ஆவாரம்பட்டைபோல அங்கே அது) வெட்டிய நிலத்தை வரி கட்டாமல் விட்டுப் போயிருந்தார்கள். அந்த நிலங்கள் மாவட்டத்தின் தலையில் விழுந்தன. மாநிலத்துக்குச் சேர வேண்டிய வரியோ பாக்கி. சட்டமன்ற உறுப்பினர் கார்னீலியஸ் ஹார்டன்பெர்க் முயன்று, நிலத்தை மாநிலம் ஏற்றுப் பாக்கியைக் கழிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். சுமார் 34,000 ஏக்கர் இப்படிக் காப்புக்காடானது.

ஹார்டன்பெர்க் மனத்தில் தண்ணீரும் இருந்திருக்காதா என்று கேட்கலாம். இல்லை என்பதற்கு நேர்ச்சான்று கிடையாது. இருந்தும் இங்கே அழுத்திச் சொல்வேன்: தண்ணீரைக் காரணம் காட்ட விரும்பியவருக்குச் சார்ஜென்ட் அறிக்கை எதிர்ச்சான்றாகவே நின்றிருக்கும். நகரமும் அவ்வாண்டு புதிய குரோட்டன் கால்வாயைத் தோண்டத் தொடங்கியிருந்தது. அதன் பார்வை இன்னும் இந்த மலைகள்மீது விழவில்லை.

1894இன் மாநில அரசியலமைப்பு மாநாட்டில்தான் நீர் வாதம் உரக்கக் கேட்கிறது. 1885 சட்டம் நிலத்தை விற்கவும் குத்தகைக்கு விடவும் தடை விதித்திருந்தது. மாநாடு அதோடு மரத்தை விற்பதையும் அகற்றுவதையும் அழிப்பதையும் தடுத்தது. அழிப்பது பற்றிய தடை, அணைநீரில் மூழ்கி மரங்கள் சாவதை மனத்தில் வைத்துச் சேர்க்கப்பட்டது. நீருக்காகக் காட்டைக் காப்பதும் காட்டை நீர்த்தேக்கத்திடமிருந்து காப்பதும் ஒரே பிரிவுக்குள் வந்துவிட்டன.

1905இல் நகரம் கேட்ஸ்கில்லுக்கு வந்தபோது அஷோகன் நீர்த்தேக்கத்துக்காகப் பள்ளத்தாக்கின் ஊர்களையும் வயல்களையும் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. சுமார் 2,000 பேர் வீடிழந்தார்கள். மேலே சரிவுகளில் மாநிலக் காடு, நகரம் ஒரு காசும் தராமல், முன்பே காவலில் இருந்தது. சிசில்னிஸ்கி–ஹீல் கணக்கில் இந்த முதலீட்டுக்கு வரிசையே இல்லை. வீடிழந்தவர்களின் இழப்புக்கும் இல்லை.

காட்டுக்கு எல்லா நற்பெயரையும் தரவும் நான் தயாரில்லை. எசோபஸ் கரைகளில் பனியாறுகள் விட்டுப்போன களிமண் பெருமழையில் கரைந்து வருவதைக் காடு முழுதாகத் தடுப்பதில்லை. 2011இன் ஐரீன் புயலுக்குப் பின் நகரம் கலங்கலை அடக்கப் படிகாரம் கொட்ட வேண்டியதாயிற்று.

காட்டுக் காப்பு எந்த ஆண்டில் குடிநீர்க் காப்பாக மாறியது என்று ஒற்றைத் தேதி குறிக்க என்னால் முடியவில்லை. 1885 அல்ல என்பது மட்டும் உறுதி. 1894 என்றால் அந்த வாதம் பெரிதும் அடிராண்டாக்கைச் சுற்றியே நடந்தது. 1913இல் வந்த பர்ட் திருத்தம் நகராட்சிக் குடிநீரை அந்தப் பிரிவில் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் அது வந்தது, காப்புக்காட்டில் நூற்றுக்கு மூன்று பங்குவரை நீர்த்தேக்கங்களுக்கு எடுத்துக்கொள்ள அனுமதி தருவதற்காக.