சர்வோதய சிரமதான இயக்கம்

சர்வோதய சிரமதான இயக்கம் இலங்கையின் மிகப் பெரிய கிராமியத் தொண்டு அமைப்புகளில் முதன்மையானது. 1958 டிசம்பரில் ஒரு பாடசாலை விடுமுறை முகாமாகத் தொடங்கி, 1972இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டு, தன் கணக்குப்படி தீவின் ஏறத்தாழ 15,000 கிராமங்களை எட்டியது. தலைமையகம் மொரட்டுவையில் உள்ளது. தொண்டு நிறுவனங்களால் ஒரு கிராமத்துக்கு எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்று அறிய விரும்புவோருக்கு இவ்வளவு நீண்ட சான்று தெற்காசியாவில் அதிகம் இல்லை. பணமும் பொருளும் எங்கிருந்தும் வரலாம். கூடி முடிவெடுக்கும் பழக்கம், கூடி உழைக்கும் பழக்கம், செலவுக்கு ஊருக்குள்ளேயே கணக்குக் கேட்கும் பழக்கம் ஆகியவை ஊராரிடத்தில்தான் வளர வேண்டும். அவற்றை வளர்க்கத் துணைநிற்பதே தொண்டு நிறுவனம் செய்யக்கூடிய நிலைத்த பணி. இயக்கம் தழைத்த காலமும் தளர்ந்த காலமும் இதையே காட்டுகின்றன.

இயக்கத்தைத் தொடங்கிய ஏ. ரி. ஆரியரத்ன (1931–2024) கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். நகரத்து மாணவர்கள் கிராமத்தை அறியாமலே படித்து முடிக்கிறார்கள் என்ற கவலையில், மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கனதொலுவ என்ற ஒதுக்குப்புறக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அது ரொடியா மக்களின் ஊர். சிங்களச் சாதி அடுக்கில் மிகக் கீழே தள்ளப்பட்டு, பரம்பரை பரம்பரையாகப் பிச்சையெடுத்துப் பிழைக்கும்படி விடப்பட்டவர்கள் அவர்கள். அந்த ஊரிலேயே தங்கி, அவர்களோடு மண் வெட்டி, அவர்களோடு உண்டது அன்றைய இலங்கையில் சிறிய செயலாக இருக்கவில்லை. வேறு பாடசாலைகளும் வார இறுதி முகாம்களை நடத்தத் தொடங்கின. இந்தியாவில் வினோபா பாவேயின் பூதான இயக்கத்தை நேரில் கண்டு திரும்பிய ஆரியரத்ன, காந்தியடிகள் வழங்கிய சர்வோதயம் என்ற பெயரைத் தம் பணிக்குச் சூட்டிக்கொண்டார். காந்தி நூற்றாண்டை ஒட்டி நூறு கிராமங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் உருவானது. 1969இல் ஆரியரத்னவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

முறையின் சாரம் சிரமதான முகாமிலேயே, அதாவது உழைப்பைத் தானமாகத் தரும் முகாமிலேயே, இருந்தது. பாதை, கிணறு, தூர்ந்த குளம் என்று எது வேண்டும் என்பதை முதலில் ஊர்க்கூட்டமே தீர்மானிக்கும். வேலை நாளன்று காலையில் எல்லோரும் ‘குடும்பக் கூட்டத்தில்’ உட்காருவார்கள். சிறிது நேர மௌனம், ஒரு பாட்டு, அன்றைய வேலைப் பங்கீடு. பிக்குவும் விவசாயியும் மாணவியும் ஒரே வரிசையில் நின்று மண்கூடையைக் கைமாற்றுவார்கள். முகாமுக்குள் ஒருவரையொருவர் அம்மா, அண்ணா, தங்கை என்றுதான் விளிக்க வேண்டும். சாதி பார்த்து ஏவலிட்டுப் பேசிப் பழகிய நாவுக்கு இது கடினமான விதி. முகாமில் விளைந்த மாற்றத்தில் பெரும்பங்கு இதற்கு உண்டு. சமையலுக்கும் பண்டம் ஊரிலிருந்தே வரும். பின்னாளில் சர்வோதய முன்பள்ளிகளின் பொதுச் சமையலறைக்குக் குழந்தைகள் தீப்பெட்டி அளவு அரிசி கொண்டுவரும் வழக்கம் புகழ்பெற்றது. அந்த அளவை எந்த ஏழை வீட்டாலும் தர முடியும். தந்த பிறகு அந்தச் சமையலறை நடக்கும் விதத்தைக் கேட்கும் உரிமையும் அந்த வீட்டுக்கு வந்துவிடும்.

முகாம் முடிந்ததும் ஊரை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கிராம வளர்ச்சி ஐந்து படிகளாக வகுக்கப்பட்டது. சிரமதானத்தால் மனத்தடைகள் நீங்குவது முதற்படி. தாய்மார், இளைஞர், விவசாயிகள் ஆகியோருக்குத் தனித்தனிக் குழுக்கள் அமைவது அடுத்தது. அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றிக்கொண்டு கிராமச் சங்கத்தைச் சட்டப்படி பதிவுசெய்வது மூன்றாவது. பிறகு வருமானமும் வேலைவாய்ப்பும். கடைசியாக, அயல் கிராமத்துக்கு உதவும் நிலை. இவற்றுள் மூன்றாம் படியே திருப்புமுனை என்று கொள்ளத்தக்கது. பதிவுபெற்ற சங்கம் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கலாம், கடன் கொடுக்கலாம், அரச அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பதில் கேட்கலாம். தலைமையகம் நாளை இல்லாமற்போனாலும் சங்கம் இருக்கும். 15,000 என்ற எண்ணிக்கைக்குள் உள்ள கிராமங்கள் எல்லாம் இந்தப் படிகளைக் கடக்கவில்லை. பலவற்றில் ஒரு முன்பள்ளியோ இரண்டொரு முகாமோதான் நடந்தன. ஆகவே இயக்கத்தின் பரப்பை அதன் ஆழமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

1970களிலிருந்து வெளிநாட்டு நிதி வந்தது. முதலில் நெதர்லாந்தின் நொவிப் போன்ற அமைப்புகள் தந்தன. 1980களின் நடுவில் நன்கொடையாளர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். சம்பளம் பெறும் ஊழியர்கள் பெருகினர், மாவட்ட நிலையங்கள் எழுந்தன, கிராமக் கடனுக்காக ‘சீட்ஸ்’ என்ற தனிப் பிரிவு பிறந்தது. நல்ல பணிகள் பல நடந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்குச் சொல்லும் திசை மாறிவிட்டது. முன்பு ஊர்க்கூட்டத்துக்குப் பதில் சொன்ன ஊழியர், இப்போது காலாண்டு அறிக்கைக்காக இலக்குகளை எண்ண வேண்டியிருந்தது. மனமாற்றமும் ஒற்றுமையும் அட்டவணைக்குள் அடங்கவில்லை என்று நன்கொடையாளர்கள் குறைப்பட்டனர். இயக்கத்தைத் திட்ட ஒப்பந்தக்காரராக்குகிறார்கள் என்று ஆரியரத்ன குறைப்பட்டார். அதே காலத்தில் ரணசிங்க பிரேமதாசவின் அரசு 1990இல் அரசசார்பற்ற நிறுவனங்களை விசாரிக்கச் சனாதிபதி ஆணைக்குழு ஒன்றை நியமித்தது. சர்வோதயம் கடும் நெருக்கடிக்கு உள்ளானது. 1990களின் நடுப்பகுதிக்குள் நன்கொடை சுருங்கி, ஊழியர் குறைக்கப்பட்டனர். நன்கொடையாளர் கணக்குக் கேட்டதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. பொதுப்பணம் பெறுவோர் கணக்குக் காட்டியே தீர வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் இடத்தில் கிராமம் இல்லாமற்போனதே பிழை.

இயக்கத்தின் மீதான வலுவான அறிவுலக விமர்சனம் 1988இல் ரிச்சர்ட் கொம்பிரிச்சும் கணநாத் ஒபேசேகரவும் இலங்கைப் பௌத்தம் பற்றி எழுதிய நூலில் வந்தது. ஆரியரத்ன காட்டும் ஒற்றுமையான பழங்கிராமம் நகர நடுத்தர வர்க்கத்தின் கற்பனை என்பது அவர்கள் வாதம். வரலாற்று நோக்கில் அது சரியே. குளமும் கோயிலும் வயலும் சூழ்ந்த அந்தக் கிராமத்தில்தான் ரொடியா மக்கள் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஆனால் பழங்காலம் பற்றிய கருத்துப் பிழைபட்டதால் முகாமில் நடந்தது பொய்யாகிவிடாது. கனதொலுவவில் செய்யப்பட்டது அந்தப் பழைய ஒழுங்கை மீறிய செயல். இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: அரசு போட வேண்டிய பாதையை ஏழைகள் கூலியின்றிப் போட வேண்டுமா? வரி வாங்கும் அரசுக்குக் கடமை உண்டு, சிரமதானம் அதைத் தட்டிக்கழிக்கச் சாக்காகக் கூடாது என்பதை முழுமையாக ஏற்க வேண்டும். நிலமற்ற கூலியாளுக்கு ஒரு நாள் உழைப்பு ஒரு நாள் சோறு என்பதையும் மறக்கலாகாது. அதனால்தான் முகாமின் பயனைப் போட்ட பாதையின் நீளத்தால் அளக்க முடியாது. ஒருமுறை கூடித் தம் காரியத்தை முடித்த ஊர், அடுத்த முறை அரச அலுவலகத்துக்குப் போகும்போது சங்கமாகப் போகிறது. தனித்தனியாகக் கைகட்டி நின்ற காலத்தில் கிடைக்காத பதில் அப்போது கிடைக்க வாய்ப்புண்டு.

தமிழ் வாசகர் எழுப்பக்கூடிய கேள்வி வேறு. பௌத்த மொழியில் பேசி, பெரும்பாலும் சிங்களக் கிராமங்களில் வளர்ந்த இயக்கம் வடக்கிலும் கிழக்கிலும் எவ்வாறு பொருந்தும்? இந்த ஐயத்துக்கு நியாயம் உண்டு. இயக்கம் வடக்குக் கிழக்கிலும் நிலையங்கள் வைத்திருந்தது. 1983 ஜூலை வன்முறையில் வீடிழந்த தமிழருக்கு முகாம்களில் உதவியது. அவ்வாண்டு டிசம்பரில் ஆரியரத்ன கதிர்காமத்திலிருந்து நயினாதீவு வரை சமாதானப் பாதயாத்திரை தொடங்கினார், அன்றைய சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் வேண்டுகோளின் பேரில் அது இடைவழியில் நின்றது. கிராமத்துக்குள் சாதியை எதிர்த்து நிற்க முடிந்த அமைப்பால் அரசை எதிர்த்து நடக்க முடியவில்லை. தொண்டு அமைப்பின் எல்லை அங்கே தெளிவாகத் தெரிந்தது. அரசியல் தீர்வு வேண்டிய இடத்தில் சிரமதானம் அதற்கு மாற்றாகாது.

நன்கொடை வற்றியும் எஞ்சியது என்ன என்பது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது வெளிப்பட்டது. பல கரையோர ஊர்களில் அரச உதவி வந்து சேருமுன்பே, பாதிக்கப்படாத உட்பகுதிக் கிராமங்களின் சர்வோதயச் சங்கங்கள் சமைத்த உணவும் துணியும் திரட்டி அனுப்பின. யாரிடம் சொல்ல வேண்டும், யார் வீட்டில் அண்டா இருக்கிறது, யாரிடம் லொறி இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த அறிவைத் திடீர் நன்கொடையால் வாங்க முடியாது. இயக்கத்தின் கடன் பிரிவு பின்னர் முறைப்படியான நிதி நிறுவனமாக வளர்ந்தது. பங்குதாரருக்கு இலாபம் காட்ட வேண்டிய நிறுவனம் ஒருபுறமும் தீப்பெட்டி அரிசியில் தொடங்கிய கிராமச் சங்கங்கள் மறுபுறமும் ஒரே பெயரின்கீழ் இயங்குகின்றன. ஆரியரத்ன 2024 ஏப்ரலில் மறைந்தார். கடன் வட்டியையும் கடன் பெறுவோரையும் தீர்மானிப்பதில் இந்தக் கிராமச் சங்கங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கும் என்பதே அவருக்குப் பின் இயக்கத்தின் முன் நிற்கும் முதற்கேள்வி.