உயர்தெளிவு என்னும் சொல்லின் வரலாறு



இளம்பிள்ளையில் சேலை வாங்கும் வணிகர் அதன் பளபளப்பை மட்டும் கண்டு மயங்குவதில்லை. இழையின் நெருக்கத்தைப் பார்த்த பிறகே விலை பேசுவார். தொலைக்காட்சிப் படமும் ஒருவகை நெசவுதான். வரிகளாலும் புள்ளிகளாலும் நெய்யப்படுவது அது. ஆனால் அதனை வாங்கும்போது மட்டும் நாம் இழையை எண்ணாமல், பெட்டியின்மேல் ஒட்டிய ‘எச்.டி.’, அதாவது ‘உயர்தெளிவு’ என்ற சீட்டை நம்பிவிடுகிறோம். அச்சொல்லின் வரலாற்றை அறிந்தால் இம்மயக்கம் தீரும் என்று நான் கருதுகிறேன்.

1926இல் லண்டனில் ஜான் லோகி பேர்டு செய்துகாட்டிய படத்தில் 30 வரிகளே இருந்தன. 1936 நவம்பரில் பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பேர்டின் முறையில் 240 வரிகள்; அதனுடன் போட்டியிட்ட மார்க்கோனி–இ.எம்.ஐ. முறையில் 405 வரிகள். இவ்விரண்டையுமே அன்று உயர்தெளிவு என்றுதான் அழைத்தனர்! 1937 பிப்ரவரியில் 240 வரி முறை கைவிடப்பட்டது. ஆகவே, உயர்தெளிவு என்பது மாறாத அளவு அன்று; முந்தியதைவிட மேம்பட்டதற்கு அவ்வக் காலத்தார் இட்ட பெயர்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959இல் டில்லியிலும், 1975இல் சென்னையிலும் தொடங்கிற்று. 1982இல் வண்ணம் வந்தது. நாம் மேற்கொண்ட 625 வரிகளில் படமாகத் திரையில் தெரிவன 576. இதற்கிடையே, 1964 டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் பின் ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் நுட்பமான படத்திற்கான ஆராய்ச்சியில் இறங்கி, 1125 வரி முறையை உருவாக்கியது. பின்னர் உலகம் எண்முறைக்கு மாறியபோது இரு அளவுகள் நிலைபெற்றன: 1280 புள்ளி அகலமும் 720 வரியும் ஒன்று, 1920 புள்ளியும் 1080 வரியும் மற்றொன்று. முன்னதில் ஏறத்தாழ 9 இலட்சம் புள்ளிகள். பின்னதில் ஏறத்தாழ 21 இலட்சம். ‘4கே’ என்பதில் 83 இலட்சம். 2010இல் டில்லி காமன்வெல்த் விளையாட்டுகளைத் தூர்தர்ஷன் உயர்தெளிவில் ஒளிபரப்பியது.

கடையில் ‘எச்.டி. ரெடி’ என்றும் ‘புல் எச்.டி.’ என்றும் இரு சீட்டுகளைக் காண்கிறோம். முதலாவது 2005இல் ஐரோப்பாவில் ஏற்பட்ட அடையாளம். குறைந்தது 720 வரி காட்டும் திரைக்கு உரியது. இரண்டாவதுதான் 1080 வரி முழுமையும் காட்டும். ஆயினும், முரட்டு நூலை எவ்வளவு நல்ல தறியில் ஏற்றினாலும் மெல்லிய துணி கிடைக்காது. 576 வரியில் வரும் சாதாரண அலைவரிசையை விலையுயர்ந்த திரையில் கண்டாலும் புதிய நுட்பம் பிறந்துவிடாது.

தொலைவும் கணக்கில் சேரும். 1080 வரியின் நயம் முழுவதும் கண்ணுக்குப் புலனாக, திரையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குத் தொலைவில் அமர வேண்டும். 32 அங்குலப் பெட்டிக்கு அது 4 அடி. 8 அடிக்கு அப்பால் அமர்பவருக்கு இரு சீட்டுகளுக்கும் வேற்றுமை தெரிவது அரிது.

இன்னொன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1956இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அக்காலப் படங்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 4க்கு 3 என்ற வடிவின. இன்றைய திரையோ 16க்கு 9. ஆகவே இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிவது பழுதன்று. அதனை மறைக்கப் படத்தை இழுத்து நிரப்பினால் எம்.ஜி.ஆரும் பானுமதியும் வீணே பருத்துவிடுவர்! நல்ல நிலையில் உள்ள படச்சுருளோ 576 வரியினும் மிக்க நுட்பத்தைத் தன்னுள் கொண்டது. பழைய படம் மங்கித் தெரிந்தால் குற்றம் அதன் வயதில் இருக்க வேண்டுவதில்லை. நம்மிடம் வந்துசேர்ந்த படியிலும் இருக்கலாம்.

நாமக்கல்லில் லாரி ஓட்டும் ஒருவரும், திருச்செங்கோட்டில் தறி ஓட்டும் ஒருவரும் பல மாதத் தவணையில் வாங்கும் பொருள் இது. திரையில் எத்தனை வரி, வீட்டுக்கு வரும் ஒளிபரப்பில் எத்தனை வரி, அமரும் இடம் எத்தனை அடி என்ற மூன்றையும் கேட்டறிந்து வாங்குவாராயின், அவர் உழைத்த காசு வெறும் சொல்லுக்காகச் செலவாகாது.